வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு எண்ணெய்ச் சந்தை: ஒரு வகுப்பறை நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் வடமாகாணக் கரையோரக் கிராமம் ஒன்றின் பாடசாலை. தரம் 12 பொருளியல் வகுப்பில் 28 பிள்ளைகள். ஏறத்தாழப் பாதிப்பேர் கடற்றொழில் வீடுகளில் இருந்து வருகிறவர்கள். மற்றவர்களின் வீடுகளில் வெங்காயத் தோட்டம், ஓட்டோ, சிறு கடை, அரச உத்தியோகம் என்று கலவை. காலம் 2023 செப்டெம்பர் கடைசி. எரிபொருள் கியூஆர் பங்கீடு (வாகனத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று கைத்தொலைபேசிக் குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கும் முறை) அந்த மாதம் 1ஆம் திகதிதான் நீக்கப்பட்டிருந்தது. பெற்றோல் செற்றில் (நிரப்பு நிலையத்தில்) கைத்தொலைபேசியை நீட்டாமல் எண்ணெய் அடிப்பது பலருக்கு இன்னும் புதுமையாக இருந்த நேரம்.

கேள்வி (வாங்குவோர் பக்கம்), நிரம்பல் (விற்போர் பக்கம்), சந்தைச் சமநிலை, உச்ச விலை (விலைக்கு விதிக்கும் மேலெல்லை) ஆகிய பகுதிகளை முடிக்க வேண்டியிருந்தது. வழமையில் இவை தோடம்பழம், பேனை, பாண் என்ற உதாரணங்களோடு போய்விடும். ஆசிரியை இம்முறை எரிபொருளை எடுத்தார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அப்பாவின் எண்ணெய்க் கானோடு வரிசையில் இடம்பிடித்து நின்ற பிள்ளைகள் இவர்கள். பாடம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார். ஒட்டியதுதான், ஆனால் அவர் நினைத்த இடத்தில் அல்ல.

திட்டம் 40 நிமிடப் பாடவேளைகள் 6. முடிந்தபோது 9 ஆகியிருந்தது. ஏன் நீண்டது, எங்கே வழுக்கியது, எது கைகொடுத்தது என்பதே இந்தப் பதிவு.

முதற் பாடவேளை: வகுப்புக்கு முன்பே தெரிந்திருந்தவை

அரைத்தாளில் இரண்டு வினாக்கள். 2022இல் பெற்றோலுக்கு ஏன் வரிசை வந்தது? அந்த வரிசை எப்படி இல்லாமற்போனது?

முதலாவதுக்கு வந்த பதில்கள் மூன்று வகை: கப்பல் வரவில்லை, பதுக்கினார்கள், உக்ரேனில் சண்டை. இரண்டாவதுக்குப் பெரும்பாலானோர் எழுதியது ஒரே பதில்: கியூஆர் வந்தது. விலையை எவரும் காரணமாக எழுதவில்லை. இத்தனைக்கும் பெற்றோல் விலையேறிய வரிசையைக் கேட்டபோது வாய்ப்பாடு போல ஒப்புவித்தார்கள்: 177, 254, 338, 420, 470. விலை அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அது ஒரு தண்டனையாகத்தான் தெரிந்ததே தவிர, எவ்வளவு எண்ணெய் யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் ஒன்றாகத் தெரியவில்லை.

சொற்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பாடநூல்களில் 'கேள்வி', 'நிரம்பல்'. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அவையே 'தேவை', 'அளிப்பு'. யூடியூப்பில் தமிழ்நாட்டு வகுப்புகளைப் பார்த்துக் குறிப்பெடுத்த பிள்ளைகள் இரண்டையும் கலந்து எழுதினார்கள். இதைச் சொல் வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. அன்றாடப் பேச்சில் 'தேவை' என்றால் அவசியம். பொருளியலின் 'கேள்வி' என்றால் விருப்பமும் அதை வாங்கக் கையில் காசும் சேர்ந்தது. ஆசிரியை அன்று, இரண்டும் ஒன்றுதான், இங்கே கேள்வி என்று எழுதுங்கள் என்று சொல்லிக் கடந்துபோனார். மூன்றாம் பாடவேளையில் அந்த ஒரு வசனம்தான் வகுப்பைக் குழப்பியது.

இரண்டாம் பாடவேளை: ஒரு பீப்பாயில் என்ன இருக்கிறது

எண்ணெயின் பயன்களை ஆரம்பிக்க, வீட்டிலிருந்து 'எண்ணெயால் ஆன அல்லது எண்ணெயால் இயங்கும்' ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லப்பட்டிருந்தது. மேசையில் சேர்ந்தவை: நைலோன் வலைத் துண்டு, ரெஜிபோம் மீன்பெட்டியின் மூடி, மெழுகுதிரி, வசலின், பிளாஸ்ரிக் பேசின், வீதித் தார்க்கட்டி, மழைக்கோட்டு. கூடவே இரண்டு தேங்காயெண்ணெய்ப் போத்தல்களும் ஒரு நல்லெண்ணெயும். தவறு பிள்ளைகளில் இல்லை. எங்கள் ஊரில் வெறுமனே எண்ணெய் என்றால் சமையலறைக்குத்தான் போகும். கனிய எண்ணெய், மசகு எண்ணெய் (நிலத்திலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்) என்ற சொற்களைப் பணிப்புரையிலேயே போட்டிருக்க வேண்டும். 'பெற்றோலியம்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் பாறையெண்ணெய். நாங்கள் அதில் ஒரு பாகத்துக்கு மட்டும் மண்ணெண்ணெய் என்று பேர் வைத்திருக்கிறோம் என்ற விளக்கம் பின்னர் நன்றாகவே வேலை செய்தது.

ஒரு பிள்ளை சோடாப் போத்தலில் பெற்றோல் கொண்டுவந்திருந்தது. அது உடனே வெளியே எடுக்கப்பட்டது. பெற்றோல் ஏறத்தாழ மறை (−) 40 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு அந்த எல்லை 38 பாகைக்கு மேல். மூடிய வகுப்பறையில் முன்னையதைத் திறந்தே பார்க்கக்கூடாது. பணிப்புரையில் 'எரிபொருள் எதையும் கொண்டுவர வேண்டாம்' என்ற வரி இல்லாததுதான் பிழை.

பொருட்கள் இரண்டு குவியலாகப் பிரிக்கப்பட்டன: எரித்து முடிப்பவை, பொருளாகவே இருப்பவை. யூரியா எங்கே போகும் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கான அமோனியா பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுவது. மசகு எண்ணெய்ப் பீப்பாயில் அதைச் சேர்ப்பது பரவலான தவறு.

பிறகு பீப்பாய். ஒரு பீப்பாய் 159 லீற்றர். வகுப்பில் ஒரு லீற்றர்ப் போத்தல் ஒரு பீப்பாய் என்று வைத்து, நிறமூட்டிய தண்ணீரை ஐந்து குவளைகளில் ஊற்றினார்கள்: சமையல் வாயுவுக்கு 30 மில்லிலீற்றர், பெற்றோல் வகைக்கு 200, மண்ணெண்ணெய்க்கும் விமான எரிபொருளுக்கும் 150, டீசலுக்கு 300, உலை எண்ணெயும் தாரும் 320. இவை எளிமையான வடிப்பாலை ஒன்றை மனதில் வைத்து வகுப்புக்கென வட்டமாக்கிய அளவுகள். மசகு எண்ணெயின் வகைக்கும் ஆலையின் அமைப்புக்கும் ஏற்பப் பங்குகள் மாறும் என்பதும் சொல்லப்பட்டது.

இங்கே ஒரு பிழை. முதலில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெயும் நிறத்தண்ணீரும் படைபடையாக நிற்கும்படி ஊற்றிக் காட்டப்பட்டது. பார்க்க அழகு. ஆனால் மசகு எண்ணெய்க்குள் பெற்றோல் மேலேயும் டீசல் கீழேயும் ஏற்கெனவே பிரிந்து கிடக்கின்றன, குழாயைத் திறந்தால் போதும் என்று வகுப்பு விளங்கிக்கொண்டது. அடுத்த நாள் அது திருத்தப்பட்டது. மசகு எண்ணெய் ஒரே கலவை; அதைச் சூடாக்கி ஆவியாக்கிக் கோபுரத்துக்குள் விட்டால், எளிதில் ஆவியாகுபவை உச்சியில் குளிர்ந்து பிரியும், பாரமானவை அடியில் தங்கும். பெற்றோல் வகை ஏறத்தாழ 200 பாகைக்குள் ஆவியாகிவிடும். டீசலுக்கு 350 பாகை மட்டில் போக வேண்டும். மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடுவில்.

அப்போது வந்த வினாதான் அந்த நாளின் பெறுமதி: "ரீச்சர், மண்ணெண்ணெயை மட்டும் கூட எடுக்க ஏலாதோ?" கொஞ்சம் ஏலும். மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் இடையிலான வெட்டு வெப்பநிலையைச் சற்று நகர்த்தலாம். ஆனால் ஒரு குவளையை நிரப்ப மற்ற நான்கும் கூடவே நிரம்பியே தீரும். கூட்டு நிரம்பல் என்று பாடநூல் ஒரு வரியில் சொல்வது இதைத்தான். 1859இல் பென்சில்வேனியாவில் துளையிட்ட காலத்தில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது விளக்குக்கான மண்ணெண்ணெய். கூடவே வந்த பெற்றோலுக்குப் பெரிய மதிப்பு இருக்கவில்லை, கொட்டியும் தள்ளினார்கள். மோட்டார் வாகனம் வந்து கேள்வியைத் திருப்பிப்போட்டது. அதே பீப்பாய்தான், எந்தக் குவளை பெறுமதியானது என்பது மட்டும் மாறியது.

மூன்றாம் பாடவேளை: அட்டைச் சந்தை குலைந்தது

விளையாட்டின் அமைப்பு இதுதான். வாங்குவோர் 20 பேர், விற்போர் 4 பேர், பதிவாளர் 4 பேர். வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. லீற்றருக்கு அவர் கொடுக்கக்கூடிய ஆகக்கூடிய விலை அதில் இருக்கும். 100இல் தொடங்கி 50 ரூபாவாக ஏறி 1,050 வரை, மொத்தம் 20 அட்டைகள். விற்பது 5 லீற்றர்க் கான்கள். ஒருவருக்கு ஒரு கான். பேரம் பேசி, ஒத்துவந்த விலையைப் பதிவாளரிடம் சொல்ல வேண்டும்.

முதற் சுற்றில் 20 கான். எல்லோருக்கும் போதும், விலை 100ஐ நோக்கி இறங்கியது. இரண்டாம் சுற்றில் 8 கான் மட்டும். கணக்குப்படி ஆகக்கூடிய 8 அட்டைகள் 1,050 முதல் 700 வரை, ஒன்பதாவது 650. ஆகவே விலை 650க்கும் 700க்கும் இடையில் வந்து நிற்க வேண்டும். வரவில்லை. அட்டைகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். கூட்டாளிகளுக்கு 200க்கு விற்றார்கள். இது எதிர்பார்க்கக்கூடிய குழப்பம். அட்டையை மறைத்து, விற்போருக்கு வருமானத்துக்கேற்பப் புள்ளி கொடுத்தால் சரியாகிவிடும்.

எதிர்பாராதது வேறு. அட்டைகளில் தொழிலும் அச்சிடப்பட்டிருந்தது, விளையாட்டுக்கு உயிர் வரட்டும் என்று. 1,050 வைத்தியர். 900 ஹோட்டல் முதலாளி. 150, 100 கடற்றொழிலாளி. இரண்டாம் சுற்று முடிந்து எண்ணெய் கிடைக்காதவர்கள் கைதூக்கியபோது, 100 ரூபா அட்டை வைத்திருந்த பிள்ளையைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அந்தப் பிள்ளை அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டது: "கடலுக்குப் போற ஆக்களுக்கு எண்ணெய் தேவையில்லை எண்டே இந்தக் காட் சொல்லுது?"

ஆசிரியை முதலில், இது விளையாட்டுத்தானே பிள்ளை என்றார். அது எடுபடவில்லை; வகுப்பின் பாதி விளையாட்டை விட்டுவிட்டது. அவர் சுற்றை அங்கேயே நிறுத்தி அட்டைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, மிச்ச 15 நிமிடத்தையும் எழுத்துப்பயிற்சிக்கு விட்டார். அந்த நேரத்தில் செய்யக்கூடிய சரியான காரியம் அதுதான். சிரித்த பிள்ளையைக் கண்டித்திருந்தால் அந்த வினா அதோடு அமுங்கிப்போயிருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிள்ளை கேட்ட வினா பொருளியலின்படியே சரியானது. தேவையும் கேள்வியும் ஒன்று என்று முதல் நாள் சொன்னதை அட்டை மீறியிருந்தது. அவசியம் மிக அதிகமாகவும் காசு மிகக் குறைவாகவும் உள்ளவரைச் சந்தை 'கேள்வி குறைந்தவர்' என்றே பதிகிறது. இதை மறைக்காமல் அட்டைக்குள்ளேயே கொண்டுவருவதென்று முடிவானது.

தொழிற்பெயர்கள் நீக்கப்பட்டன. அட்டையின் முன்பக்கத்தில் 'லீற்றருக்குக் கையிலுள்ள காசு', 100 முதல் 1,050 வரை, முன்போலவே. பின்பக்கத்தில் 'இன்று எண்ணெய் இல்லாவிட்டால் எனக்கு இழப்பு' என்று இன்னொரு தொகை. முன்பக்கம் குறைந்த சில அட்டைகளின் பின்பக்கத்தில் வேண்டுமென்றே பெரிய தொகைகள் இடப்பட்டன. முன்பக்கம் 1,000 உள்ள ஒன்றின் பின்பக்கம் மிகச் சிறியது. சுற்று முடியும்வரை பின்பக்கத்தை ஒருவரும் பார்க்கக்கூடாது.

எரிபொருளை விட்டுவிட்டுத் தோடம்பழத்துக்குத் திரும்பலாமா என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்று விடப்பட்டது. பிள்ளைகள் கோபப்படும் அளவுக்குப் பாடம் அவர்களைத் தொட்டிருந்தது. தோடம்பழத்துக்காக ஒருவரும் அட்டையைக் கவிழ்க்கப்போவதில்லை.

நான்காம், ஐந்தாம் பாடவேளைகள்: நான்கு சுற்றுகள்

சுற்று 1, 20 கான். விலை 100க்குப் பக்கத்தில். 

சுற்று 2, 8 கான். முதல் ஓட்டத்தில் 400 முதல் 900 வரை சிதறியது. பதிவாளர் விலைகளைப் பலகையில் உடனுக்குடன் எழுதத் தொடங்கியதும் மூன்றாவது ஓட்டத்தில் 650க்கும் 700க்கும் இடையில் ஒடுங்கியது. பலகையில் எழுதுவதைத் தவிர்த்தால் இந்த விளையாட்டு ஓடாது: விலை எல்லோருக்கும் தெரிந்தால்தான் அது சந்தை விலை. பிறகு அட்டைகளைத் திருப்பினார்கள். பெரிய இழப்போடு வெறுங்கையாக நின்றவர்களும், சிறிய இழப்புக்காகக் கான் வாங்கியவரும் கண்முன்னே இருந்தார்கள். பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுற்று 3, அதே 8 கான், ஆனால் விலை 254க்கு மேல் போகக்கூடாது. 2022 மார்ச்சில் இருந்த உண்மையான பெற்றோல் விலை அது. 300 முதல் 1,050 வரை வைத்திருந்த 16 பேர் வந்தார்கள். 8 பேருக்குத்தான் கான். மிகைக் கேள்வி 8. முந்தினவருக்கே என்று விட்டதில் ஒரு மேசை கவிழ்ந்தது. ஓடவிடுவது பிழை; வரிசை எண்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். அடுத்து நேரத்தின் கணக்கு. வரிசையில் எத்தனையாவது ஆளோ அத்தனை மணித்தியாலம் காத்திருப்பு என்று வைத்து, ஒரு மணித்தியால உழைப்பை 200 ரூபாவாக எடுத்தார்கள். எட்டாவது ஆள் 8 மணித்தியாலம் நின்று 1,600 ரூபா உழைப்பை இழந்து 5 லீற்றர் வாங்குகிறார். லீற்றருக்கு 320. செற்றில் கொடுத்த 254ஐயும் கூட்டினால் 574. பத்தாவது ஆளின் கணக்குத்தான் வகுப்பை நிறுத்தியது: 10 மணித்தியாலம் நின்று, வெறுங்கான்.

இந்த 574 சுற்று 2இன் விலைக்குக் கிட்ட வந்தது எடுத்த எண்களின் தயவு. அதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் எண்களைச் சார்ந்ததல்ல. சுற்று 2இல் கூடுதலாகக் கொடுத்த காசு விற்றவரிடம் போனது. சுற்று 3இல் கூடுதலாகக் கொடுத்த மணித்தியாலங்கள் ஒருவரிடமும் போகவில்லை.

சுற்று 4, பங்கீடு. 8 கான் என்றால் 40 லீற்றர். 20 பேருக்கு ஆளுக்கு 2 லீற்றர்க் கூப்பன், விலை 254. உண்மையில் 2022 ஓகஸ்ட்டில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கியூஆரில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. விளையாட்டில் உடனே ஒரு விசயம் வெளிப்பட்டது: 100, 150, 200, 250 அட்டைக்காரர் நால்வருக்கும் கூப்பன் உண்டு, வாங்கக் காசில்லை. கூப்பனை விற்கலாமா என்று அவர்களே கேட்டார்கள். முதல் ஓட்டத்தில் தடை. நால்வரின் 8 லீற்றரும் செற்றிலேயே கிடந்தது. இரண்டாவது ஓட்டத்தில் அனுமதி. கூப்பன்கள் நல்ல விலைக்குப் போயின, நால்வரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். உண்மையான கியூஆர் வாகன இலக்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால் கூப்பனாகக் கைமாற்ற வழியில்லை. "தாங்கியிலை இருந்து இழுத்து வித்தவையள்தானே" என்றது பின்வரிசை. வகுப்பு பொதுவாக ஆமோதித்தது.

ஆறாம் பாடவேளை: 94 ரூபாவும் 249 ரூபாவும்

உக்ரேன் சண்டையால் உலக விலை ஏறியது, அதனால் வரிசை என்ற பதில் இன்னும் மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு கணக்கு.

2021 டிசெம்பர் பிற்பகுதியில், உலக விலைக்கு அளவுகோலான பிரென்ட் மசகு எண்ணெய் பீப்பாய் ஏறத்தாழ 74 டொலர். ஒரு டொலர் ஏறத்தாழ 201 ரூபா. பெருக்கி 159ஆல் வகுத்தால் லீற்றருக்கு 94 ரூபா மட்டில். 2022 மே மாதம் பீப்பாய் 110 டொலர் மட்டில், டொலர் 360 ரூபா மட்டில். லீற்றருக்கு 249. சுத்திகரிப்பு, கப்பல், வரி எதுவும் சேராத வெறும் மசகு எண்ணெயின் விலை இது. எண்ணெயின் டொலர் விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. டொலரின் ரூபா விலை ஏறத்தாழ 1.8 மடங்கு. பெரிய பங்கு எண்ணெயினுடையதல்ல, ரூபாவினுடையது. பிள்ளைகள் இதை நம்பாமல் இரண்டு முறை கணித்தார்கள்.

அதோடு பலகையில் ஒரு காலக்கோடு வரையப்பட்டது. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. டிசெம்பர் 21இல் பெற்றோல் 177 ஆகி, மார்ச் இரண்டாவது வாரம்வரை அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் விலை அசையவில்லை. பெப்ரவரி 24இல் பிரென்ட் 100 டொலரைத் தாண்டியிருந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது. ஒரு பக்கம் நிரம்பல் சுருங்குகிறது, மறுபக்கம் விலை கட்டப்பட்டிருக்கிறது. சுற்று 3 அதுதான். அதே மாதங்களில் உலக விலை ஏறிய வேறு பல நாடுகளில் விலைதான் ஏறியது, இப்படி நாட்கணக்கான வரிசை வரவில்லை என்பதை ஒரு பிள்ளை தானாகவே எடுத்துச் சொன்னது.

எண்ணெய்விலை ஏன் இப்படித் துள்ளுகிறது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் மட்டும். 1973இல் அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடையோடு பீப்பாய் 3 டொலர் மட்டிலிருந்து ஒரு சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. 2020 ஏப்ரல் 20இல் அமெரிக்க மசகு எண்ணெயின் முன்பேர விலை மறை 37.63 டொலருக்கு இறங்கியது, அதாவது விற்பவரே காசு கொடுத்து ஏற்றிவிட வேண்டிய நிலை. ஊரடங்கில் வாங்க ஆளில்லை, கிணறுகளை உடனே மூட முடியாது, சேமிக்கத் தாங்கி இல்லை. குறுங்காலத்தில் கேள்வி, நிரம்பல் ஆகிய இரண்டு வளையிகளும் (வரைபடக் கோடுகளும்) நெகிழ்ச்சி குறைந்தவை, அதாவது விலை மாறினாலும் அளவு அதிகம் மாறாதவை, செங்குத்தானவை. சிறு நகர்வும் விலையைத் தூக்கியடிக்கும்.

ஏழாம் பாடவேளை: வீடுகளில் இருந்து வந்த பதில்கள்

வீட்டுவேலையாக, எண்ணெய் இல்லாத காலத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு வரச் சொல்லப்பட்டது. 2022ஐப் பற்றிய பதில்கள் வரும் என்று எதிர்பார்த்ததில், பாதிக்கு மேல் வந்தவை 1990களில், போரின்போது வடக்குக்குப் பொருட்கள் வருவது தடுக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தைப் பற்றியவை. வீட்டில் பெரியவர் என்றால் அம்மம்மாவும் தாத்தாவும்தானே. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, சிறிதளவு மண்ணெண்ணெய், ஒரு நூல்திரி. இரவு முழுக்க எரியும் விளக்கு. சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலி. பெற்றோல் சில துளி விட்டு உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்.

ஆசிரியையின் திட்டத்தில் இது இல்லை. ஒரு பாடவேளையை இதற்கே கொடுத்தார். கடைசி வினாடியில் எடுத்த முடிவு என்றாலும் பொருளியல் காரணம் இருந்தது: அந்தக் காலத்தில் நிரம்பல் வெளியிலிருந்து வெட்டப்பட்டது, ஊருக்குள் விலை கொழும்பு விலையைவிடப் பல மடங்கு ஏறியது, அந்த விலைதான் ஜாம் போத்தலைக் கண்டுபிடிக்கவைத்தது. 2022இல் விலை கட்டப்பட்டிருந்த மாதங்களில் சிக்கனத்துக்கான தூண்டுதல் விலையிலிருந்து வரவில்லை, தீர்ந்துபோகும் பயத்திலிருந்து வந்தது. அது சிக்கனத்தைவிடக் கான்களில் சேர்த்து வைப்பதைத்தான் வளர்த்தது. மண்ணெண்ணெயில் ஏன் நேரே கிளப்ப முடியாது என்பதும் பீப்பாய்ப் பாடத்தோடு பொருந்தியது: குளிர்ந்த இயந்திரத்தில் அது போதியளவு ஆவியாகாது. அதே காரணத்தால்தான் மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளத்து இயந்திரத்தையும் பெற்றோலில் கிளப்புகிறார்கள்.

இரண்டு பிள்ளைகள் வெறுந்தாளோடு வந்தார்கள். வீட்டில் அந்தக் காலத்தைப் பேசவில்லை. ஆசிரியை காரணம் கேட்கவில்லை.

எட்டாம் பாடவேளை: மண்ணெண்ணெய்

இதுதான் கடினமான பகுதி, நன்றாக நடந்ததும் இதுதான். 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவுவரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. அடுத்த நிமிடம் 340. மீன்பிடி வள்ளத்தின் ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்று எடுத்தால் 1,740 ரூபா 6,800 ஆனது, கூடுதல் 5,060.

ஏழைகளுக்கான எண்ணெயில் கைவைத்தது அநியாயம் என்று வகுப்பு ஒரே குரலில் நின்றது. ஆசிரியை மறுக்கவில்லை. அதே நாட்களில் டீசல் 430 ரூபா என்று எழுதி, இடைவெளி 343 என்று பக்கத்தில் போட்டு, இந்த இடைவெளி யாரை அழைக்கும் என்று மட்டும் கேட்டார். பதில் வர அரை நிமிடம் ஆனது. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பவரை. சமையல் வாயு கிடைக்காமல் அடுப்பை மாற்றியவரை, 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போயிருந்தது. மண்ணெண்ணெய்க்கு இவை பதிலீட்டுப் பண்டங்கள். மற்றவற்றின் விலையைத் தூக்கிவிட்டு ஒன்றை மட்டும் 87இல் வைத்தால், கேள்வி முழுவதும் அங்கே பாயும். "அப்ப 87க்கு எங்களுக்குக் கிடைச்சதே?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கிடைக்காத நாட்களே கூட என்பதை அவர்களே சொன்னார்கள்.

இந்த இடத்தில் பாடம், ஆகவே விலையேற்றியது சரி என்று சாய்ந்துவிடும் அபாயம் இருந்தது. அட்டையைக் கவிழ்த்த அதே பிள்ளை அதைத் தடுத்தது. 340க்குத் தாராளமாகக் கிடைக்கும் எண்ணெயும் 87க்குக் கிடைக்காத எண்ணெயும் கரையில் கிடக்கும் வள்ளத்துக்கு ஒன்றுதான் என்றது. விலையைக் கட்டாமல் மீனவரின் கையில் காசாகவோ அவர் பெயருக்கு அளவாகவோ மானியம் கொடுப்பது, குறைந்த விலையைத் தொடர்ந்து வைத்திருப்பது, ஒன்றும் கொடுக்காமல் விடுவது என்ற மூன்றையும் குழுக்கள் ஆளுக்கொன்றாக எடுத்துச் செலவு யார் தலையில் விழும் என்று எழுதின. ஆசிரியை முடிவு சொல்லாமல் விட்டார்.

விளைவு

ஒன்பதாம் பாடவேளையில் முதல் நாளின் அதே இரண்டு வினாக்கள். பதுக்கல் என்ற பதில் மறையவில்லை. ஆனால் இப்போது அதற்குக் காரணமும் எழுதப்பட்டிருந்தது: கட்டப்பட்ட விலைக்கும் வாங்கத் தயாரான விலைக்கும் இடையிலான இடைவெளி. விலையைப் பெரும்பாலானோர் சேர்த்திருந்தார்கள். கியூஆரால் மட்டுமல்ல, விலையேறியதாலும் கடனுதவியோடு கப்பல்கள் வந்ததாலும் வரிசை குறைந்தது என்று பிரித்து எழுதியவர்களும் இருந்தார்கள்.

திருந்தாதது ஒன்று. "விலை கூடியதால் கேள்வி குறைந்தது" என்ற வசனம் கிட்டத்தட்ட அரைவாசித் தாள்களில் இருந்தது. குறைவது கேள்வித்தொகை (அந்த விலையில் வாங்கும் அளவு), வளையியின் மேல் நகர்வது. கேள்வி குறைவதென்றால் வளையியே இடம்பெயர வேண்டும். பரீட்சையில் புள்ளி போகும் இடம் இதுதான், நான்கு சுற்று விளையாடியும் இது பதியவில்லை. காரணம் தெளிவு: சுற்றுகளில் மாறியதெல்லாம் நிரம்பலும் விதியும்தான். கேள்வி வளையி ஒருமுறைகூட அசையவில்லை. அட்டைகள் எல்லாச் சுற்றிலும் அதே அட்டைகள்.

அடுத்த முறை மாற்றுபவை

ஐந்தாவது சுற்று ஒன்று சேர்க்கப்படுகிறது. சமையல் வாயு நின்றுவிட்டது என்று அறிவித்து எல்லா அட்டைகளிலும் 200 ரூபா கூட்ட வேண்டும், 8 கான். அப்போது ஆகக்கூடிய எட்டாவது அட்டை 900, ஒன்பதாவது 850. விலை அந்த இடைவெளியில் நிற்க வேண்டும். சுற்று 2இன் 650-700ஓடு பக்கத்தில் வைத்து வரைந்தால் வளையி நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

தேவைக்கும் கேள்விக்கும் இடையிலான வேறுபாடு முதல் நாளே, தமிழ்நாட்டு-இலங்கைக் கலைச்சொல் அட்டவணையோடு. படைபடையான போத்தல் வேண்டாம். கொண்டுவரும் பொருட்களுக்கான பணிப்புரையில் 'எரிபொருள் கொண்டுவர வேண்டாம்' என்ற வரி தடித்த எழுத்தில். பிள்ளைகளின் பெற்றோர் செய்யும் எந்தத் தொழிலும் எந்த அட்டையிலும் இராது.

வீட்டு நேர்காணல் ஏழாம் பாடவேளையிலிருந்து முதலாவதற்கு வருகிறது, விரும்பினால் மட்டும் என்ற குறிப்போடு. இனி வரும் தரம் 12 பிள்ளைகள் ஆண்டுக்காண்டு 2022ஐ இன்னும் சின்ன வயதில் கண்டவர்களாக இருப்பார்கள். சில வருடங்களில் வரிசையும் அவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் போல, கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டிய ஒன்றாகிவிடும்.